ரோடு போட வந்த ரயில்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவை மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. வண்டியை வீட்டுக்குள் ஏற்ற முடியாது. பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடந்துதான் வாசலுக்கு வரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பலகையில் நின்றபடி கீழே பார்த்தேன். வெட்டிய மண்சுவரில் தெரு அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே கறுப்பாகப் புதுத் தார். அதன் கீழே வெளுத்துப்போன பழைய தார். அப்புறம் சாம்பல் நிற ஜல்லி, அதற்கும் கீழே கைமுட்டி அளவு கருங்கல். எல்லாவற்றுக்கும் அடியில், ஈரத்தில் ரத்தம் மாதிரி சிவந்துகிடந்தது கிராவல்.

"அந்தச் செவப்பு மண்ணுதான் தம்பி நாங்க குடிவந்தப்ப போட்ட ரோடு," என்றார் எதிர்வீட்டு அம்மா. "அதுக்கு முன்னாடி ரோடாவது ஒண்ணாவது. மழ பேஞ்சா செருப்ப கையில எடுத்துக்கினு போவணும்." அந்த மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்கேர்ந்து வரும்? ரெட்ஹில்ஸ் பக்கந்தான். லாரில கொணாந்து கொட்டுவாங்க."

அவர் கைகாட்டிய திசையிலிருந்து ரோடு போடக் கல் வருவது இது முதல்முறை அல்ல. கள்ளிக்குப்பம் அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் ரெட்ஹில்ஸ் ரோட்டில் இருக்கிறது. அந்தச் செங்குன்றத்திலிருந்து சென்னை நகரத்துக்குச் சிவப்புக் கல்லை ஏற்றிக்கொண்டு 1837-இல் ஒரு ரயில் ஓடியது. இந்தியாவில் ஓடிய முதல் ரயில் அதுதான். பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த பம்பாய்–தாணா ரயில் 1853 ஏப்ரல் 16-இல் ஓடியது. அது பயணிகளுக்கான முதல் ரயில். நம்ம ஊர் ரயில் அதற்குப் பதினாறு வருஷம் மூத்தது. இதைப் பெருமையாகப் பகிர்கிற பதிவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ரயில் எதற்காக வந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. அது வந்தது ரோடு போட.

செங்குன்றம் என்றதும் பெரிய மலையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இன்றைக்கு ரெட்ஹில்ஸ் பஸ் ஸ்டாண்டில் இறங்கி குன்று எங்கே என்று தேடினால் அரிசி ஆலைகளும் லாரிகளும்தான் கண்ணில் படும். புழல் ஏரியைச் சுற்றி லேசாக மேடிட்ட செம்பூமி அது. கண்ணை உறுத்தும் அந்தச் சிவப்பால்தான் பெயர் வந்திருக்க வேண்டும். அந்தச் சிவப்பு இரும்பின் சிவப்பு. வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் நிலத்தில், காலப்போக்கில் பாறையிலிருந்து கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிக் கெட்டிப்படுகின்றன. தெற்கே புதுக்கோட்டைப் பக்கம் இதைச் செம்புறாங்கல் என்பார்கள். லாரிக்காரர்களுக்கு இது கிராவல். பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் மலபாரில் இதைப் பார்த்துவிட்டு 1807-இல் வெளியான தன் பயணநூலில் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். நிலத்துக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டி எடுக்கும் அளவுக்கு மெதுவாக இருக்கும், வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்தால் இறுகிக்கொள்ளும். சுடாமலே ஆகிற செங்கல் என்பதால் அந்தப் பெயர்.

ரோடு போடுகிறவனுக்கு இதைவிட நல்ல சரக்கு வேறென்ன வேண்டும்? உடைத்துப் பரப்பித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டால், அதிலிருக்கும் களிமண்ணும் இரும்பும் சேர்ந்து தானே பசைபோலப் பிடித்துக்கொள்ளும். வடக்கே கங்கைச் சமவெளியில் கங்கர் என்ற சுண்ணாம்புக் கட்டிகளை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். வங்காளத்தில் கல்லே கிடையாது என்பதால் செங்கல்லைச் சுட்டு, அதை மறுபடி உடைத்து ரோட்டில் போட்டார்கள்! சென்னைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செம்பூமி இருந்தது.

கைக்கெட்டும் தூரம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தூரம்தான் பிரச்சினையே.

நம் ஊரில் அதற்கு முன்பு பாதைகளே இல்லை என்று சொல்ல முடியாது. கல்வெட்டுகளில் பெருவழிகள் வருகின்றன. தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் காதக் கணக்கு வெட்டிய மைல்கற்கள் கிடைத்திருக்கின்றன. கோவைக்குப் பக்கத்தில் இராசகேசரிப் பெருவழி. ஆனால் அவை பெரும்பாலும் மண்வழிகள். பொதிமாடு போகும், பல்லக்கு போகும், கோடையில் வண்டியும் போகும். ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான். விவசாயிக்கு இது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது, அந்த மாதங்களில் அவருக்கு வயலில் வேலை. பீரங்கி வைத்திருந்த கம்பெனிக்குத்தான் இது குறையாகத் தெரிந்தது. பூந்தமல்லியில் பாளையம், பரங்கிமலையில் பீரங்கிப்படை, பல்லாவரத்தில் இன்னொரு பாளையம். இவற்றையெல்லாம் கோட்டையோடு சேர்க்க வேண்டும், எந்த மாதத்திலும் பீரங்கி நகர வேண்டும். சென்னையிலிருந்து விரல் விரித்தாற்போலக் கிளம்பும் மூன்று நெடுஞ்சாலைகளின் தடத்தை இன்றும் நாம் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கல்கத்தாவை நோக்கிச் செங்குன்றம் வழியாகப் போகும் ஜி.என்.டி., பெங்களூரை நோக்கிப் பூந்தமல்லி வழியாகப் போகும் ஜி.டபிள்யூ.டி., திருச்சியை நோக்கிப் பல்லாவரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. மூன்றிலும் நடுவில் நிற்கும் எழுத்து, திசை.

ரோட்டை எப்படிப் போடுவது என்பதில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்திருந்தது. ஜான் லௌடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பெரிய பெரிய பாறையை அடுக்கி அஸ்திவாரம் போடும் பழைய முறையே தப்பு என்றார். வண்டியின் எடையைத் தாங்குவது அடியிலிருக்கும் பூமிதான். பூமி காய்ந்திருந்தால் எதையும் தாங்கும், நனைந்தால் எதையும் தாங்காது. ஆகவே ரோடு என்பது பூமிக்குப் போடும் கூரை. சுற்றியுள்ள நிலத்தைவிடக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்தில் கால்வாய் வெட்டி, மேலே சின்னச் சின்னதாக உடைத்த கூர்முனைக் கற்களைப் பரப்பினால் போதும். போகிற வண்டிகளே அவற்றை நசுக்கி ஒன்றோடொன்று கோத்துவிடும். எந்தக் கல்லும் ஆறு அவுன்ஸுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு, சுமார் 170 கிராம். இன்று நம் கட்டடக்காரர்கள் வாங்கும் 'ஒன்றரை ஜல்லி'யை விடக் கொஞ்சம் பெரிது. 'கப்பி ரோடு' என்று தாத்தாக்கள் சொன்னது இந்த வகை ரோட்டைத்தான்.

ஆக முறை கிடைத்துவிட்டது, கல்லும் இருக்கிறது. கல்லை எப்படி நகரத்துக்குள் கொண்டுவருவது? மாட்டுவண்டியில் அரை டன், மிஞ்சிப்போனால் ஒரு டன். ஒரு ரோடு போட ஆயிரக்கணக்கான வண்டி கல் வேண்டும். இரும்புப் பட்டா போட்ட சக்கரங்களோடு அத்தனை வண்டியும் மண்பாதையில் போய்வந்தால், வண்டிப்பாதை உழுத வயலாகிவிடும். கல்லைக் கொண்டுவரவே ஒரு ரோடு வேண்டும், அந்த ரோட்டைப் போடவோ கல் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதை.

இந்த முடிச்சை உலகத்தில் வேறொரு இடத்தில் ஏற்கெனவே அவிழ்த்திருந்தார்கள். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில். தண்டவாளம் பிறந்ததே சுரங்கத்தில்தான், நிலக்கரித் தொட்டிகளை இழுக்க. வழுவழுப்பான தண்டவாளத்தின் மேல் ஒரு மாடு, மண்பாதையில் இழுப்பதைப்போலப் பல மடங்கு எடையை இழுக்கும். பாதையும் குழியாகாது. லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் 1830-இல் ஓடத் தொடங்கியிருந்தது. 1832-லேயே சென்னையில் ரயில் பேச்சு அடிபட்டது. 1836-இல் கூவத்தின் ஓரம், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே ஒரு சின்னப் பரீட்சைப் பாதை போட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் செங்குன்றம் ரயில்.

அதன் பொறியாளர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய அதே காட்டன். பிற்பாடு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டி, இன்றும் அந்தப் பக்கத்து ஊர்களில் மாலையோடு சிலையாக நிற்பவர். அப்போது அவருக்கு வயது 34.

வண்டித் தொட்டிகளைப் பெரும்பாலும் இழுத்தவை மாடுகளும் குதிரைகளும்தான். நீராவி எஞ்சினும் இருந்தது, ஆனால் நாம் படத்தில் பார்க்கும் மாதிரி பிஸ்டன் வைத்தது இல்லை. அமெரிக்காவின் வில்லியம் ஏவரி வடிவமைத்த சுழல் எஞ்சின் அது. வெற்றுக் குழலாலான இரண்டு கைகள், அவற்றின் நுனியில் சின்னத் துளைகள். துளை வழியாக நீராவி ஒரு பக்கமாகச் சீறும்போது கைகள் எதிர்ப்பக்கமாகச் சுழலும். தீபாவளிக்குக் கொளுத்தும் சங்குசக்கரம் சுற்றுவது எந்தக் காரணத்தாலோ, அதே காரணம். இந்தியாவின் முதல் ரயில் எஞ்சின் கொள்கையளவில் ஒரு சங்குசக்கரம் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இதில் பெரும் நீராவி வீணாகும், விறகு தாங்காது. உலகம் பிஸ்டன் பக்கமே போய்விட்டது.

செங்குன்றம் ரயிலுக்கும் ஆயுள் அதிகமில்லை. 1840களின் நடுவில் அது நின்றுபோனது. தண்டவாளம் போட்டதற்கு இன்று ஒரு தடயமும் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையிலும் இல்லை, செங்குன்றத்திலும் இல்லை. 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் விட்டார்கள், நம் அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து போகும் அந்த மேற்குத் தடம்தான் இன்றும் புறநகர் ரயில் ஓடும் பாதை. செங்குன்றத்துக்கோ மறுபடி ரயில் வரவே இல்லை. நாட்டின் முதல் ரயில் ஓடிய ஊருக்கு இன்று ரயில் நிலையம் கிடையாது.

காட்டன் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. 1845-இல் அவர் தவளேஸ்வரம் அணைக்குக் கல் கொண்டுபோக இன்னொரு ரயில்பாதை போட்டார். இரண்டு ரயில் போட்டவர், அப்புறம் ரயிலுக்கே எதிரியாகிவிட்டார். 1854-இல் பொதுப்பணிகள் குறித்து அவர் எழுதிய புத்தகத்திலும், பின்பு லண்டனில் பாராளுமன்றக் குழுவின் முன்னாலும் அவர் விடாமல் வாதாடியது ஒன்றே: இந்த ஏழை நாட்டுக்கு மலிவான போக்குவரத்து நீர்வழிதான், கால்வாய் வெட்டினால் பயிருக்கும் ஆகும், படகுக்கும் ஆகும், ரயிலில் கொட்டும் பணம் ஜனங்களுக்குத் திரும்பி வராது. அவர் சொன்னது முழுக்கச் சரியென்று நான் நினைக்கவில்லை, நம் ஆறுகளில் வருஷம் முழுக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது? ஆனால் அவர் கேட்ட கேள்வி லேசானதில்லை. கல்லை ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளிருந்து கோட்டைப் பக்கம் போகிற ஒரு பாதையால் அந்த ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் கிட்டத்தில் பார்த்தவர் அவர். மாகாணத்தின் பொதுப்பணிகளை விசாரித்த குழு 1852-இல் கொடுத்த அறிக்கையைப் படித்தால், நகரத்தையும் பாளையங்களையும் விட்டு வெளியே வந்ததும் சாலை என்று சொல்லத்தக்கது எவ்வளவு குறைவாக இருந்தது என்று புரியும்.

செங்கல் மாதிரியான கல்லுக்குச் செங்கல்லின் குணமும் உண்டு. இரும்புப் பட்டாச் சக்கரம் ஏறி ஏறி அது பொடியாகும். கோடையில் செம்புழுதி, மழையில் செஞ்சேறு. போக்குவரத்து கூடக்கூட அதைவிடக் கடினமான கல் தேவைப்பட்டது. அதற்குப் பல்லாவரமும் திரிசூலமும் திருநீர்மலையும் இருந்தன. அந்தக் கருநீலப் பாறைக்கு 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக்கு இந்தக் கல்லைத்தான் கொண்டுபோய் வைத்திருந்தார்கள் என்பதால். பல்லாவரத்துக் கல்லுக்கு வங்காளத்தில் புதைந்த வெள்ளைக்காரரின் பெயர்! உடைத்தவர் பெயரைக் கல்லுக்கு வைக்கும் வழக்கம் எந்த நாட்டிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே பல்லாவரத்தில்தான் ரோட்டுக் கல்லின் கதை எதிர்பாராத இடத்துக்குப் போனது. 1863 மே 30. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளம் புவியியலாளர் பாளையத்து அணிவகுப்பு மைதானத்தின் ஓரம், கிராவல் தோண்டி எடுத்த ஒரு பள்ளத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட கருவி அதுதான். செப்டம்பர் 28-இல் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூருக்கு அப்பால் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பலவற்றைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று சாந்தி பப்புவின் குழு 2011-இல் நிறுவியது. இந்தக் கருவிகள் கிடைப்பது செம்புறாங்கல் படிவுகளில். அதாவது நாம் வண்டி வண்டியாக வாரி ரோட்டில் கொட்டிய அதே சரக்கில். ஃபூட் குனிந்து எடுத்தது ஒன்று. யாரும் குனியாமல் உடைபட்டு நசுங்கிப்போனவை எத்தனையோ. ஃபூட் சேர்த்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். போன தடவை நான் போனபோது அந்தக் கண்ணாடிப் பெட்டியருகே என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

கல்லை யார் உடைத்தார்கள்? ஒட்டர், போயர் என்று அழைக்கப்பட்ட மக்களின் பெயர் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருகிறது. தெலுங்கு பேசிக்கொண்டு, வேலை இருக்கும் இடத்துக்குக் கூடாரத்தோடு நகர்ந்தவர்கள். கல்வேலை செய்பவர்கள் கல்லொட்டர், மண்வேலை செய்பவர்கள் மண்ணொட்டர். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் இந்தப் பிரிவைப் பதிவு செய்திருக்கின்றன. ஏரி, கிணறு, அணை, ரயில்பாதை, ரோடு எதுவானாலும் அடியில் அவர்கள் கை இருக்கும். மெக்காடத்தின் 170 கிராம் கணக்கு புத்தகத்தில் பார்க்கத்தான் அழகு. அதைக் கையால் செய்பவர் நாள் முழுக்க வெயிலில் குத்தவைத்து, ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்து, சுத்தியலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தெறிக்கிற சில்லு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1876–78 பஞ்சம் வந்தபோது, அதுவரை சுத்தியலைத் தொடாதவர்களும் அந்த வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். சோறு வேண்டுமென்றால் வேலை செய்ய வேண்டும். வேலை என்றால் மண் வெட்டுவது, ரோட்டுக்குக் கல் உடைப்பது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியும் அப்போது வெட்டப்பட்டதுதான். 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, கூலி அதிகம் என்று சொல்லி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், கல் உடைக்கிற உடம்புக்கு இது சாவுக்கூலி என்ற பொருளில் எதிர்த்து எழுதினார், எடை இறங்கிய உடம்புகளைக் கணக்கு காட்டினார். சில மாதங்களில் அரசு பின்வாங்க வேண்டியிருந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய எந்த நெடுஞ்சாலையைப் பார்த்தாலும், இதன் எந்த மைல் அந்த 450 கிராமில் போடப்பட்டது என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

இதற்கப்புறமான கதை வேகமாக நகரும். 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. மோட்டார் வண்டி வந்தது. இரும்புச் சக்கரம் கப்பியை நசுக்கி இறுக்கியது என்றால், ரப்பர் டயர் அதன் புழுதியை உறிஞ்சி எடுத்துக் கல்லைத் தனித்தனியாக விட்டது. அதைப் பிடித்துவைக்கத் தார் தேவைப்பட்டது. 1902-இல் இங்கிலாந்தில் ஹூலி என்பவர் 'டார்மாக்'குக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கே 1946-இல் நெடுஞ்சாலைத் துறை தனித்துறையானது. அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வந்தது, டயர் கம்பெனி வந்தது, 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. 'டன்லப்' என்பது இன்றும் எங்களுக்கு ஒரு பஸ் ஸ்டாப். அங்கே இறங்குகிற பையன்களில் பாதிப்பேருக்கு அது ஒரு ஆளின் பெயர் என்றே தெரியாது. திருவள்ளூர் நெடுஞ்சாலை, பைபாஸ், அவுட்டர் ரிங் ரோடு என்று எங்களைச் சுற்றி ரோடு மேல் ரோடாக வந்தது. உள்தெருக்களுக்குக் கிராவல் வந்து சேர எதிர்வீட்டு அம்மா குடிவரும் காலம்வரை ஆகியது. பக்கத்து ஊரிலிருந்து நகரத்துக்குக் கல் போனது 1837-இல்.

கல் எடுத்த இடங்கள் என்ன ஆயின என்று பார்க்க ஒருநாள் மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் போனேன். பூந்தமல்லியிலிருந்து கிட்டத்தான். பாறையைச் செங்குத்தாக வெட்டி வெட்டி விட்டுவிட்டுப் போன பள்ளங்கள், பச்சையாக ஆழமான தண்ணீர். குளிக்கப்போன பையன்கள் மூழ்கிப்போன செய்தி சென்னையைச் சுற்றியுள்ள இப்படிப்பட்ட குட்டைகளிலிருந்து கோடைதோறும் வரும். 2017 வறட்சியில் ஏரிகள் வற்றியபோது, இந்தக் கல்குவாரித் தண்ணீரைத்தான் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள், 2019-இலும் அப்படியே. ரோடு போட எடுத்த பள்ளம் குடிநீர்த் தொட்டியாகியிருந்தது. இப்போது ஜல்லி இன்னும் தூரத்திலிருந்து, பத்துச் சக்கர லாரிகளில், இரவில் வருகிறது. போகிற வழியிலுள்ள ஊர் ரோடுகளை அந்த லாரிகள் குழியாக்குகின்றன. 1836-இல் மாட்டுவண்டிக்கு இருந்த அதே சிக்கல்.

எங்கள் தெருப் பள்ளத்தை ஒருவழியாக மூடினார்கள். முதலில் சவுடு மண், அதன் மேல் ஜல்லி, ரோலர் ஒரு நடை. தார் எப்போது என்று கேட்டால், "வரும் சார்" என்றார் மேஸ்திரி. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று அவரிடம் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவீர்களா, மேலேயே போடுவீர்களா? சுரண்டித்தான் போட வேண்டும் என்று ஆர்டர் இருக்கிறதாம். மேஸ்திரி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"நாங்க வந்தப்ப மூணு படி ஏறி வூட்டுக்குள்ள போவோம்," என்றார் அவர் என்னிடம். அவர் வாசலைப் பார்த்தேன். ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போகவேண்டும். மழைத்தண்ணீர் வராமலிருக்க நிலைப்படிக்குக் குறுக்கே செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசியிருந்தார்கள், முழங்கால் உயரத்துக்கு.